வாய்ப் புற்றுநோயும் கதிர்வீச்சும்: பக்க விளைவுகளை எடைபோடுவது எப்படி?

இலங்கையில் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் இதற்கு முக்கிய காரணம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2003 இல் முடிவுசெய்தது.

"ஒப்பரேசன் செய்யலாம் டொக்டர், ஆனால் ரேடியேசன் வேண்டாம்" என்று சொல்லும் குடும்பங்களை இங்கு ஒக்லாந்திலும் நான் சந்திக்கிறேன். மகரகமவிலோ அடையாறிலோ முன்பு உறவினர் பட்ட துன்பத்தைக் கண்டவர்களின் பயம் இது. பயம் நியாயமானதே. ஆனால் முடிவெடுக்கும்போது தராசின் இரு தட்டுகளையும் பார்க்கவேண்டும்.

ஏன் தருகிறார்கள்?

கட்டி சிறியதாக இருந்து, முழுமையாக அகற்றப்பட்டு, கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாவிட்டால் பெரும்பாலும் கதிர்வீச்சு தேவைப்படாது. முடிச்சுகளில் பரவியிருந்தால், அல்லது வெட்டிய விளிம்பில் புற்றுக்கலங்கள் இருந்தால், நோய் திரும்பி வரும் அபாயம் அதிகம். அதைக் குறைக்கவே கதிர்வீச்சு. வழக்கமாக வாரம் 5 நாட்கள் வீதம் சுமார் 6 வாரங்கள் நடைபெறும்.

ஆறிவிடும் விளைவுகள்

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய் புண்ணாகும். ருசி போகும், உமிழ்நீர் தடிக்கும், கழுத்துத் தோல் சிவக்கும். சிகிச்சை முடிந்தபின்னும் ஓரிரு வாரங்கள் இவை கூடிப் பின்னர் படிப்படியாக ஆறும். உப்பும் அப்பச்சோடாவும் கலந்த இளஞ்சூட்டு நீரால் அடிக்கடி வாய் கொப்பளியுங்கள். மிளகாயும் புளியும் தவிர்த்து கஞ்சி, தயிர், அவித்த முட்டை கொடுங்கள். நிறை குறைந்தால் தற்காலிகமாக உணவுக் குழாய் தேவைப்படலாம். அது தோல்வியின் அடையாளம் அல்ல.

நீடிக்கும் விளைவுகள்

வாய் வறட்சி, பற்சிதைவு, வாய் திறக்கச் சிரமம், தைரொயிட் குறைபாடு என்பன நீடிக்கலாம். சிலருக்குத் தாடை எலும்பு பழுதடையும். எனவே சிகிச்சைக்கு முன்பே பல் பரிசோதனை அவசியம். பிடுங்க வேண்டிய பற்களை முன்கூட்டியே பிடுங்கி, காயம் ஆற இரண்டு வாரங்களாவது விடவேண்டும். பல வருடங்கள் கழித்துப் பல் பிடுங்க நேர்ந்தாலும், கதிர்வீச்சுப் பெற்றதைப் பல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்றைய இயந்திரங்கள் உமிழ்நீர்ச் சுரப்பிகளை ஓரளவு தவிர்த்துக் கதிர்களைச் செலுத்துகின்றன. தொண்டைப் புற்றுநோயாளரிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்தின் பின் குறிப்பிடத்தக்க வாய் வறட்சி இருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், புதிய முறையில் 38 சதவீதம்.

இடையில் நிறுத்தாதீர்கள்

வாய் புண்ணாகியதும் "போதும்" என்று வீட்டில் நிறுத்திவிடுவதே மிகப் பெரிய ஆபத்து. இடைவெளியில் புற்றுக்கலங்கள் வேகமாக மீண்டும் பெருகும். வேதனையை முழுவதும் அனுபவித்துவிட்டு, அதன் பலனை இழந்துவிடுவீர்கள். வலி தாங்காவிட்டால் வைத்தியக் குழுவிடம் சொல்லுங்கள். வலி நிவாரணத்தைக் கூட்டலாம்.

கேட்கவேண்டிய கேள்விகள்

1. கதிர்வீச்சுடனும் அது இல்லாமலும் நோய் திரும்பும் வாய்ப்பு எனக்கு எவ்வளவு?
2. எனக்கு எந்த விளைவுகள் நிரந்தரமாகலாம்?
3. பற்களை யார், எப்போது பார்ப்பார்கள்?
4. கீமோதெரபியும் சேர்த்துத் தேவையா? ஏன்?

நியூசிலாந்தில் 1996 முதல் நடைமுறையிலுள்ள நோயாளர் உரிமைக் கோவையின்படி, முழு விளக்கம் பெறவும், தேவையானபோது மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அப்பாவுக்குக் கவலை தரக்கூடாதென்று பிள்ளைகள் பாதியை மறைத்து மொழிபெயர்த்தால், அவர் எதை எடைபோடுவார்? சிகிச்சையை ஏற்பதும் மறுப்பதும் அவரது உரிமை. உண்மை முழுவதும் அவர் காதுக்குப் போகட்டும்.

வாயில் மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு கண்டால் தாமதியாது குடும்ப வைத்தியரிடமோ பல் வைத்தியரிடமோ காட்டுங்கள். ஆரம்பத்திலேயே பிடிபட்டால் கதிர்வீச்சே தேவைப்படாமல் போகலாம்.