டார்ச் லைட் வாங்கப் போகிறீர்களா?

எங்கள் எழுத்தறிவு வகுப்பு ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடக்கிறது. கேரளாவில், இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாறு பக்கம். படிக்க வருபவர்கள் எல்லோரும் லயத்தில் குடியிருக்கும் தமிழர்கள். கார்த்திகை பிறந்தால் பாதிப் பேர் மாலை போட்டுவிடுவார்கள். வகுப்பில் அண்ணன், தம்பி என்ற பேச்சு போய்விடும். எல்லோரும் 'சாமி' ஆகிவிடுவார்கள்.

2023 டிசம்பரில் நாங்கள் 7 பேர் சபரிமலைக்குப் புறப்பட்டோம். சத்திரம் என்ற இடத்திலிருந்து காட்டுப் பாதை போகிறது. உப்புப்பாறை, புல்மேடு வழியாகச் சன்னிதானம் சேர வேண்டும். சுமார் 12 கிலோமீட்டர். மதியத்துக்கு மேல் இந்தப் பாதையில் ஆளை விடமாட்டார்கள். இருட்டுவதற்குள் காட்டைத் தாண்ட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு. நாங்கள் கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். எங்கள் குருசாமிக்கு முழங்கால் வலி. மெதுவாக நடந்தோம். புல்மேட்டைத் தாண்டி இறக்கத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

எங்களிடம் 4 விளக்குகள் இருந்தன. ஒன்று சந்தையில் புதிதாக வாங்கிய சார்ஜ் டார்ச். கடையில் பளீரென்று எரிந்தது. மலையில் 20 நிமிடம் எரிந்தது. பிறகு மின்மினி போல ஆகி நின்றுவிட்டது. இரண்டாவது டார்ச்சைத் திறந்தால் உள்ளே கட்டை கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது. போன வருடம் போட்ட கட்டை. மூன்றாவது என்னுடைய செல்போன். அதில் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது. நான்காவது, ரப்பர் பால் வெட்டும் ஒரு உறவினரிடம் கடன் வாங்கிய நெற்றி லைட். அது ஒன்றுதான் கடைசி வரை எரிந்தது. ஒரு விளக்கை நம்பி 7 பேர் இறங்கினோம்.

முன்னால் போனவருக்கு வழி தெரிந்தது. பின்னால் வந்த குருசாமிக்குத் தன் காலே தெரியவில்லை. வேர் தடுக்கி விழுந்தார். மணிக்கட்டு உடைந்தது. தலையில் இருந்த இருமுடியை மட்டும் விழாமல் பிடித்துக்கொண்டார். அவர் தோட்டத்தில் கவாத்து வெட்டுபவர். 2 மாதம் கத்தி பிடிக்க முடியவில்லை. 2 மாதமும் கூலி இல்லை.

திரும்பி வந்ததும் வகுப்பில் ஒரு வேலை செய்தோம். வீட்டில் இருக்கும் டார்ச்சுகளையும், அவை வந்த அட்டைப் பெட்டிகளையும் எல்லோரும் கொண்டு வந்தார்கள். மேஜையில் பரப்பினோம். அட்டையில் எழுதியிருப்பதைப் படித்தோம். ஒரு வாரம் அதுதான் பாடம்.

இப்போது கடையில் கிடைப்பவை எல்லாம் எல்.இ.டி டார்ச்சுகள். பழைய டார்ச்சில் ஒரு சின்ன பல்பு இருக்கும். அதற்குள் மெல்லிய கம்பி இருக்கும். கம்பி சூடாகிப் பழுத்து ஒளி தரும். பேட்டரியின் சக்தியில் பெரும்பகுதி சூடாகவே வீணாகும். கீழே விழுந்தால் கம்பி அறுந்துபோகும். எல்.இ.டியில் கம்பி கிடையாது. அது ஒரு சின்னச் சில்லு. மின்சாரம் பாய்ந்தால் நீல ஒளி வரும். அதன் மேல் மஞ்சள் பூச்சு இருக்கும். நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே பாருங்கள். அந்த மஞ்சள் புள்ளி தெரியும். நீல எல்.இ.டியைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய 3 பேருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

முதலில் 'லூமன்' என்ற சொல்லைத் தேடுங்கள். டார்ச் மொத்தம் எவ்வளவு ஒளி தரும் என்பதற்கான அளவு அது. ஒரு மெழுகுவர்த்தி சுமார் 12 லூமன் தரும். நம் தாத்தா காலத்து இரண்டு கட்டை டார்ச்சும் ஒன்றிரண்டு மெழுகுவர்த்தி அளவுதான் தந்தது. பின்னால் இருந்த பளபளப்பான கிண்ணம் அதைக் குவித்து அனுப்பியது. அதனால் தூரம் போனது. பாதையில் நடக்க 50 முதல் 100 லூமன் போதும். செங்குத்தான இறக்கத்துக்கும், தூரத்தில் தேடிப் பார்ப்பதற்கும் 200 அல்லது 300 லூமன் இருந்தால் நல்லது.

எங்கள் மேஜையில் ஒரு டார்ச்சின் அட்டையில் '10,000 லூமன்' என்று போட்டிருந்தது. விரல் நீளம்தான் இருந்தது அந்த டார்ச். இது நடக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தோம். 100 லூமன் ஒளிக்கு ஏறத்தாழ 1 வாட் மின்சாரம் வேண்டும். அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். 100 வாட்டை விரல் நீள டார்ச்சுக்குள் அடைத்தால் கையால் தொட முடியுமா? சூடு பொறுக்காது. அந்த எண் பொய். வகுப்பில் ஒரு அக்கா சொன்னார்: "பூஜ்யம் போட அவனுக்கு என்ன காசா, பணமா?"

அடுத்தது தூரம். '100 மீட்டர்' என்று போட்டிருக்கும். 100 மீட்டர் தூரத்தில் பகல் போலத் தெரியும் என்று நினைக்காதீர்கள். முறையாக அளக்கும் கம்பெனிகள், ஒளி எந்த இடத்தில் பௌர்ணமி நிலா அளவுக்குக் குறைகிறதோ அதைத்தான் தூரம் என்று எழுதுகின்றன. கல்லையும் பள்ளத்தையும் தெளிவாகப் பார்க்க அதில் பாதிக்கும் குறைவான தூரம்தான் கணக்கு.

'எத்தனை மணி நேரம் எரியும்' என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரத்தைத்தான் சேர்த்து எழுதுவார்கள். 'ஹை' என்ற பெரிய வெளிச்சத்தில் எவ்வளவு நேரம், 'லோ' என்ற சின்ன வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் அது நேர்மையான அட்டை. ஒரே ஒரு பெரிய எண் மட்டும் இருந்தால் அது சின்ன வெளிச்சத்துக்கான நேரமாகத்தான் இருக்கும்.

மழைக்கு 'ஐ.பி.எக்ஸ்' என்ற எழுத்துகளைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு எண் இருக்கும். 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். மழைக்கு 4 போதும்.

எந்த பேட்டரி நல்லது?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன்.

கடைத்தெருவில் மலிவாக விற்கும் பெரிய சார்ஜ் டார்ச்சுகள் பலவற்றில், சுவரில் சொருகும் இரண்டு முள் இருக்கும். இவற்றில் பெரும்பாலும் ஈய பேட்டரிதான் உள்ளே இருக்கும். கரண்ட் அடிக்கடி போகும் வீட்டுக்கு அது சரி. ஆனால் கனமானது. சார்ஜ் இல்லாமல் சில மாதம் மூலையில் கிடந்தால் பேட்டரி கெட்டுப்போகும். வருடத்துக்கு ஒருமுறை மலைக்கு எடுத்துப் போவதற்கு அது சரிப்படாது.

லித்தியம் பேட்டரி எடை குறைவு. சக்தி அதிகம். அதில் '18650' என்று ஒரு வகை உண்டு. 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளம். அதனால் அந்தப் பெயர். எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதை 'எம்.ஏ.எச்' என்று எழுதுவார்கள். இந்த அளவுள்ள நல்ல பேட்டரி 2,000 முதல் 3,500 வரை பிடிக்கும். சந்தையில் 9,900 என்று எழுதி விற்கிறார்கள். அந்த உடம்புக்குள் அவ்வளவு அடங்காது. எங்கள் டார்ச் 20 நிமிடத்தில் நின்றதே, அதன் பேட்டரியில் 9,900 என்றுதான் எழுதியிருந்தது. மலையில் அதைப் படிக்க எங்களுக்குத் தெரிந்தது. அது பொய் என்று தெரியவில்லை.

லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும். படுக்கையின் மேல் வைத்தும் சார்ஜ் போடக் கூடாது.

சாதாரணக் கட்டை போடும் டார்ச்சுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கரண்ட் இல்லாத ஊரிலும் பெட்டிக்கடையில் கட்டை கிடைக்கும். புதியதையும் பழையதையும் கலந்து போடாதீர்கள். கசியும். ஊர் திரும்பியதும் கட்டையைக் கழற்றி வையுங்கள்.

குளிரில் எல்லா பேட்டரிக்கும் சக்தி குறையும். கேதார்நாத் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கோயில் 3,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மாற்று பேட்டரியைப் பையில் வைக்காமல் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையிலா, நெற்றியிலா?

கேரளாவில் ரப்பர் வெட்டுபவர்கள் விடியும் முன்பே நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு கையால் மரத்தைப் பிடித்து மறு கையால் கத்தியை இழுக்க வேண்டும். டார்ச் பிடிக்க மூன்றாவது கை ஏது? மலை ஏறுகிறவருக்கும் அதே கதைதான். ஒரு கை இருமுடியைப் பிடிக்கிறது. ஒரு கை கம்பு ஊன்றுகிறது. விழும்போது ஊன்ற ஒரு கை வேண்டும். ஆகவே என் கருத்தில் நடக்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நெற்றி லைட் வேண்டும்.

அதில் குறையும் உண்டு. வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போகிறது. அதனால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். மேடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் தரை தட்டையாகத் தெரியும். கை டார்ச்சை இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்தால் நிழல் நீளமாக விழும். மேடு பள்ளம் தெரியும். பனிமூட்டத்திலும் நெற்றி லைட் சரிப்படாது. ஒளி பனியில் பட்டுக் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். அப்போது அதைக் கழற்றிக் கையில் தாழ்த்திப் பிடியுங்கள். இன்னொன்று: நீங்கள் யாரைத் திரும்பிப் பார்த்தாலும் அவர் கண் கூசும். பேசும்போது லைட்டைக் கீழே சாய்த்துக்கொள்ளுங்கள்.

சில நெற்றி லைட்டில் சிவப்பு ஒளியும் இருக்கும். இது விளையாட்டுக்கு வைத்ததல்ல. இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் ஆகும். வெள்ளை ஒளியைப் பார்த்தால் அந்தப் பழக்கம் ஒரு நொடியில் போய்விடும். மங்கலான சிவப்பு அவ்வளவு கெடுக்காது. தங்கும் இடத்தில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் பையில் தேடவும் அது உதவும்.

செல்போன் லைட் அவசரத்துக்கு மட்டும்தான். நாலடி தூரம் காட்டும். மழையில் நனையும். விழுந்தவரைத் தூக்க ஆளைக் கூப்பிட வேண்டிய போன் அது. அதன் சார்ஜை லைட்டுக்குச் செலவு செய்யக் கூடாது.

கடையில் இப்படிப் பாருங்கள்

கடைக்காரரிடம் பத்து நிமிடம் எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். பரவாயில்லை. அதற்குள் ஒளி மங்கினால் வேண்டாம். சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் மட்டும் சின்ன வட்டமாக விழுந்தால் அது தூரத்துக்கான டார்ச். நடக்க, ஒளி விரிந்து விழ வேண்டும். மூடியைத் திறந்து ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். மழை நீரைத் தடுப்பது அந்த வளையம்தான். லேசாகக் குலுக்குங்கள். அணைந்து அணைந்து எரிந்தால் வைத்துவிடுங்கள். நெற்றி லைட் என்றால் பட்டையைத் தலையில் மாட்டிக் குனிந்து நிமிருங்கள். பொத்தான் பையில் தானாக அழுந்தி எரியுமா என்றும் பாருங்கள். அப்படிப்பட்ட டார்ச்சுக்கு, பயணத்தின்போது மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால் எரியாது.

அட்டையில் தயாரித்தவர் முகவரியும் விலையும் அச்சாகி இருக்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

காட்டு வழியில்

டார்ச்சின் முதல் வேலை பாம்பைக் காட்டுவது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. வருடத்துக்கு சராசரியாக 58,000 பேர். கடி பெரும்பாலும் காலில்தான் விழுகிறது. கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு. ஆகவே ஒளியைத் தூரத்து மரத்தில் அடிக்காதீர்கள். இரண்டு மூன்று அடிக்கு முன்னால் தரையில் விழட்டும். கல்லில் உட்காரும் முன்பும், கையை ஊன்றும் முன்பும் அந்த இடத்தில் ஒளியைக் காட்டுங்கள். கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். அசையாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

யானை நின்றால் அதன் முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள். மின்னி மின்னி எரியும் ஒளியைப் போட்டு விரட்டவும் வேண்டாம். சத்தம் போடாமல் பின்னால் வந்துவிடுங்கள்.

போன கார்த்திகையில் குருசாமி மறுபடியும் மாலை போட்டார். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி 7 நெற்றி லைட்டையும் வகுப்பில் வரிசையாக எரியவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 3 மணி நேரத்தில் ஒன்று மங்கியது. "தம்பி, இதை மாத்திட்டு வா" என்று என் கையில் கொடுத்தார். பில் இருந்தது. காலையில் கடை திறந்ததும் மாற்றிக்கொண்டு வந்தேன்.