தறியில் பிறந்தவனுக்குக் கிராஸ்ஹாப்பர்

சென்னிமலையில் பெட்ஷீட் நெய்யும் குடும்பம் எங்களுடையது. ஜக்கார்டு பெட்டியில் அட்டையை மாற்றினால் பூ மாறும், தறி அதேதான். கட்டடக்கலை படிக்கப் போய்க் கிராஸ்ஹாப்பரைத் திறந்ததும் எனக்கு அப்பாருவின் தறிதான் தெரிந்தது.

ரைனோ என்ற வடிவமைப்பு மென்பொருளுக்குள் இயங்கும் கிராஸ்ஹாப்பரை டேவிட் ரட்டன் உருவாக்கினார். 2007-ல் வெளிவந்தது. வரிவரியாக நிரல் எழுத வேண்டாம். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒன்றின் விடையை ஒயர் இழுத்து அடுத்ததற்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

மேற்கு வெயில் அடிக்கும் சுவருக்குச் செங்கல் ஜாலி வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். ஒரு பெட்டி செங்கல் நிற்கும் புள்ளிகளைத் தரும். அடுத்தது, ஒவ்வொரு புள்ளியும் ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கும். அந்தத் தூரம் கோணமாக மாறிச் செங்கலைத் திருப்பும். அட்டையை மாற்றினால் பூ மாறுவதுபோல, ஜன்னலை நகர்த்தினால் சுவர் முழுக்கச் செங்கற்கள் தானாகத் திரும்பி நிற்கும்!

புதிதாகக் கற்பவர்கள் வளைந்த கோபுரங்களில் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. படிக்கட்டில் தொடங்குங்கள். 3 மீட்டர் ஏற, 15 செ.மீ. உயரப் படி என்றால் 20 படிகள். முழங்கால் வலிக்கும் அம்மாயிக்காக, படி உயரத்தை மாற்றும் ஸ்லைடரை 12-க்கு இழுத்தால் 25 படிகள். படியின் அகலம் 30 செ.மீ. என்றால் நீளம் 6 மீட்டரிலிருந்து 7.5 ஆகும். வீட்டில் அதற்கு இடமிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.