அலாரம் அடித்தது, ஒருவரும் வரவில்லை

போன மாசி மாதம் ஒரு நாள், சாமம் இரண்டே கால். கார்ஜ் லே கொனெஸில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்சுவரில் இருந்த சைரன் திடீரென்று அலறத் தொடங்கியது. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டினார். நான் கையில் அகப்பட்ட தும்புத்தடியோடு கீழே இறங்கினேன். கள்ளன் இல்லை. கதவும் யன்னலும் பூட்டினபடியே இருந்தன.

அந்த அலாரம் எங்களுடையது அல்ல. முன்பு இருந்தவர்கள் பொருத்திவிட்டுப் போனது. அதன் இரகசிய எண்ணும் அவர்களோடு போய்விட்டது. குடிவந்த அன்றே வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டிருக்கலாம். "வீடு கிடைச்சதே பெரிய விசயம், இதையெல்லாம் கேட்டு அந்த மனுசனை ஏன் குழப்புவான்" என்று விட்டுவிட்டேன். எங்கட ஆக்கள் பலருக்கும் இந்தத் தயக்கம் உண்டு.

மெயினை நிறுத்தினேன். சைரன் நிற்கவில்லை. கணினித் துறையில் வேலை செய்யும் எனக்கே விடிந்த பிறகுதான் காரணம் விளங்கியது. வெளிச் சைரனுக்குள் தனியாக ஒரு பற்றரி இருக்கிறது. உள்ளே இருக்கும் பெட்டியில் இருந்து வரும் மின்சாரம் நின்றால், "கள்ளன் வயரை வெட்டிவிட்டான்" என்று நினைத்து அது தானாகவே அடிக்கும். அன்றிரவு பிரேக்கர் விழுந்திருக்கிறது. பெட்டிக்குள் இருந்த 12 வோல்ட் பற்றரியோ எப்போதோ செத்துவிட்டது. அவ்வளவுதான் விசயம்.

ஆனால் என்னைப் பயப்படுத்தியது வேறு. விட்டுவிட்டுக் கால் மணி நேரம் அடித்தும் ஒரு வீட்டில்கூட லைட் எரியவில்லை. காலையில் பக்கத்து வீட்டுப் போர்த்துக்கேய அம்மா, "முந்தியும் இப்படித்தான் அடிக்கும், எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார். பெட்டி பொலிசையோ கம்பனியையோ அழைக்கவில்லையா என்று தேடினேன். அது பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டுக்குப் ஃபைபர் வந்து கனகாலம். பிரான்சில் அந்தப் பழைய இணைப்புகளைப் புதிதாக விற்பது 2018 நவம்பரோடு நின்றுவிட்டது. செப்பு வலையமைப்பையே 2030-க்குள் மூடப்போகிறார்கள்.

இதற்கிடையில், "அலாரம் இருக்கிற வீடுதானே" என்ற நம்பிக்கையில், ஒரு கல்யாணத்துக்காக வங்கியில் இருந்து எடுத்த மனைவியின் நகை மூன்று கிழமையாக அலுமாரிக்குள் கிடந்தது. லாச்சப்பல் கடைத்தெருவில் நின்றால் யாருடைய வீடு உடைபட்டது என்ற கதை அடிக்கடி காதில் விழும். அடுத்த கதை எங்களுடையதாக இருந்திருக்கும்.

பலர் இரண்டு அலாரத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். புகை அலாரம் 2015 மார்ச் 8 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். வாங்கிப் பொருத்துவது வீட்டுக்காரர், பராமரிப்பது குடியிருப்பவர். கள்ளர் அலாரத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருந்தால், 1989 ஜூலை 6 சட்டப்படி வேலை செய்யும் நிலையில்தான் தர வேண்டும். ஆகவே குடிபோகும் அன்று வீட்டு நிலை அறிக்கையில் அலாரத்தையும் எழுதுவியுங்கள். எண்ணை மாற்றுவியுங்கள். பேச்சில் சொல்லிச் சரிவராவிட்டால் பதிவுத் தபால் அனுப்புங்கள்.

வீடு தேடி வந்து அலாரம் விற்பவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்து வைத்திருந்தால், 14 நாட்களுக்குள் விலகலாம். நகைகளைப் படமெடுத்து, பில்லோடு வையுங்கள். காப்புறுதியில் திருட்டும் நகையும் எவ்வளவுக்கு அடங்குகிறது என்று வாசியுங்கள். களவு போனால் இரண்டு வேலைநாட்களுக்குள் காப்புறுதிக்கு அறிவிக்க வேண்டிவரும். ஊருக்குப் போகும்போது பொலிசில் பதிந்தால், ஆளில்லாத வீட்டை ரோந்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். எங்கட ஆக்களில் எத்தனை பேர் பதிகிறோம்?

வீட்டுக்காரர் கடிதம் கண்டதும் ஆள் அனுப்பினார். அவர் கோபிக்கவில்லை. நான்தான் ஏழு மாதம் வீணாகப் பயந்திருக்கிறேன். இப்போது எண் எங்களிடம், பற்றரி புதிது, அழைப்பு என் கைத்தொலைபேசிக்கே வருகிறது. என் நம்பர் அந்தப் போர்த்துக்கேய அம்மாவிடமும் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அலாரம் இருந்தால், பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு, பகலில் ஒருக்கால் அடிக்க வைத்துப் பாருங்கள். யாருக்கு அழைப்புப் போகிறது என்றும் பாருங்கள்.