வாசலோரத்து ஈட்டிச் செடி

பிழைப்பின் நிமித்தம் பெங்களூருக்கு வந்து வாடகை வீடுகளில் குடியிருக்கும் உங்களில் அநேகருக்கு, நீங்கள் நடாத ஒரு செடியைப் பராமரிக்கும் பொறுப்பு வந்து சேர்ந்திருக்கும். வீட்டுக்காரரோ அவருக்கு முன்னிருந்தவரோ அழகுக்காக நட்டது அது. இன்றோ வாசற்கதவின் அருகே ஆள் உயரத்துக்கு எழும்பி, கத்தி கத்தியாக இலைகளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பெயரென்னவென்று தோட்டக்காரரைக் கேட்டால் "கத்தாளெ" என்பார். நம் கற்றாழைக்கும் கன்னடத்துக் கத்தாளெக்கும் உறவு தெரிகிறது. ஆனால் முள்ளும் நீண்ட இலையும் கொண்ட எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரால் அழைப்பதில்தான் தொல்லை இருக்கிறது. செடி இன்னதென்று நிச்சயிக்காமல் அரிவாளை எடுத்தால், பிழைக்க வேண்டிய செடி செத்துப்போகலாம். வெட்டுகிறவருடைய கண்ணுக்கே சேதம் நேரிடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, பால் வடிகிறதா என்று பாருங்கள். கையால் ஒடிக்க வேண்டாம். ஒரு நீண்ட குச்சியின் முனையில் ஆணியைக் கட்டி, எட்ட நின்று, தண்டின் அடிப்புறத்தில் இலேசாகக் கீறினால் போதும். வெள்ளைப் பால் கசிந்தால் அது கள்ளி இனம். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் நம் ஊர் வேலிகளில் நின்றவை; இப்போது அவற்றின் உறவினங்கள் தொட்டிகளில் ஏறி நகரத்து மாடிகளுக்கும் வந்துவிட்டன. கிறிஸ்துவின் முள்முடி என்று சொல்லி நம்மவர் பலர் ஆசையாய் வளர்க்கும் சிவப்புப்பூச் செடியும் கள்ளிதான். அதன் சொந்த இடம் மடகாஸ்கர் தீவு. எருசலேமுக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை.

கள்ளிப்பால் என்றாலே நம் ஊர்ப்பக்கத்துத் தாய்மாரின் முகம் வாடும். காரணத்தை இங்கே எழுத வேண்டியதில்லை. அந்தப் பாலில் ஒரு துளி கண்ணில் பட்டாலும் கருவிழி புண்ணாகும். முதலில் வெறும் எரிச்சலாயிருந்து, சில மணி நேரத்துக்குப் பின்பே வேதனை கடுமையாவதும் உண்டு. ஆகவே, "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று ஒருவரும் இருந்துவிடக் கூடாது. குழாயடியில் குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் திறந்தபடி கழுவி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். செடியின் ஒரு துண்டை மூடிய டப்பாவில் போட்டு எடுத்துச் சென்றால் மருத்துவருக்குப் பிரயோஜனமாயிருக்கும்.

பால் இல்லையா? அப்படியானால் அடிமரம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இலைகள் தரையிலிருந்தே ரோஜாப்பூவைப் போல் அடுக்கடுக்காய்க் கிளம்பி, சாம்பல் பூத்த பச்சையில், ஓரமெல்லாம் கொக்கி முள்ளும் நுனியில் ஒரு கறுத்த ஊசியுமாய் இருந்தால் அது ஆனைக்கற்றாழை. இருப்புப்பாதை ஓரங்களில் வேலியாக நட்டிருப்பதை ஊருக்குப் போகும் ரயிலிலிருந்தே பார்த்திருப்பீர்கள். இதைப் பெரிதாய் வளர்ந்த சோற்றுக்கற்றாழை என்று எண்ணி, முகத்தில் பூசவும் மோரில் கலக்கவும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதிருங்கள். சோற்றுக்கற்றாழையின் மடலை ஒடித்தால் பளிச்சென்று முறிந்து உள்ளே வழுவழுப்பான சோறு தெரியும். ஆனைக்கற்றாழையோ நார் நாராய் இழுபடும். அதன் சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்கள் உள்ளன. தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும்; வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கும்.

ஆனைக்கற்றாழையை உயரம் குறைக்க முடியாது. நடுக்குருத்தை வெட்டினால் அந்தச் செடியின் கதை முடிந்தது. செய்யக் கூடியதெல்லாம், ஊசி நுனிகளைக் கத்தரித்துவிடுவதும், அடிமடல்களை நீக்குவதும், பக்கக்கன்றுகளைத் தோண்டி எடுப்பதும்தான். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரே ஒரு முறை, விளக்குத்தண்டு போல் 20 அடிக்கும் மேலாகப் பூந்தண்டு எழும்பும்; பூத்தபின் தாய்ச்செடி தானாகவே மாண்டுபோகும். இயந்திர ரம்பத்தை மட்டும் இதன்மேல் வைக்காதீர்கள். அது சாற்றை நாலாபுறமும் தெளித்துவிடும்.

மரம்போல் தண்டு இருந்து, அதன் உச்சியில் வாள் இலைகள் கொத்தாய் இருக்குமானால், அநேகமாக அது யூக்கா. மெக்சிகோவும் அதைச் சுற்றிய நாடுகளும் அதன் தாயகம். மரவள்ளிக்கிழங்குக்குக் கரீபியத் தீவுகளில் வழங்கிய பெயரை லின்னேயஸ் என்னும் தாவர அறிஞர் குழப்பத்தினால் இதற்குச் சூட்டிவிட்டார் என்பார்கள். கிழங்கைத் தேடி ஒருவரும் தோண்ட வேண்டாம். நம் தோட்டங்களில் இதில் இரண்டு வகைகள் காணப்படும். ஒன்றின் இலைநுனி மிருதுவாய் மடங்கும். வயதாகும்போது அதன் அடிமரம் யானைக்காலைப்போல் பருக்கும். மற்றொன்றின் இலை விறைப்பானது, நுனி உண்மையாகவே ஈட்டி. இரண்டும் வெள்ளை மணிகளைப் போன்ற பூக்களைக் கொத்தாய்ப் பூக்கும், பூத்ததால் சாவதில்லை.

யூக்காவின் விசேஷம், வெட்டினால் துளிர்ப்பதே. தண்டை எந்த உயரத்தில் அறுத்தாலும் வெட்டுக்குக் கீழே சில வாரங்களில், சிலசமயம் இரண்டு மூன்று மாதங்களில், முளைகள் எழும்பும். எனவே வெட்டலாமா என்பதல்ல, எவ்விடத்தில் வெட்டுவது என்பதே கேள்வி. இதைத்தான் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. இடுப்பளவில் வெட்டிவிட்டு நிம்மதியாய் இருப்பார்கள். ஆறு மாதத்துக்குள் புதிய ஈட்டிகள் சரியாக உங்கள் மூன்று வயதுப் பிள்ளையின் முக உயரத்தில் விரிந்து நிற்கும்! முன்பு தலைக்கு மேலிருந்த ஆபத்தைக் கண்ணுக்கு நேரே இறக்கிவிட்டதுதான் மிச்சம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து மருத்துவர்கள், குனிந்து தோட்டவேலை செய்தவர்களின் காதுக்குள் யூக்கா இலைநுனி புகுந்து செவிப்பறையைக் கிழித்த சம்பவங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நடைபாதையை ஒட்டி நிற்கும் செடியானால், என் அபிப்பிராயத்தில் உயரத்தைக் குறைக்கவே வேண்டாம். கீழ்க்கிளைகளையும் பக்கமுளைகளையும் நீக்கி, இலைகள் தலைக்கு மேலேயே இருக்கும்படி விடுங்கள். சுவரோடு ஒதுங்கி நிற்பதானால், அல்லது காற்றில் சாயும்படி ஒல்லியாய் வளர்ந்துவிட்டதானால், முழங்காலுக்குக் கீழே அறுத்து, வரும் முளைகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அவை வளரும்வரை நுனிகளைக் கத்தரித்து வாருங்கள். மின்கம்பியைத் தொடுமளவுக்கு உயர்ந்திருந்தால் நீங்கள் கைவைக்கக் கூடாது, மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அவர் ஆசையாய் வைத்த செடியாக இருக்கும்.

காலம் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் ஏற்றது. குளிர் விலகியிருக்கும், மழை வலுத்திருக்காது. மழைக்காலத்தில் வெட்டினால் வெட்டுவாய் அழுகும். முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் அணியுங்கள். கண்ணாடிக்குத் தனியாய்ச் செலவழிக்க வேண்டியதில்லை. இருசக்கர வண்டியின் முழு ஹெல்மெட்டை மாட்டி, முன்கண்ணாடியை இறக்கிக்கொண்டால் கண்ணுக்கும் காதுக்கும் காவல். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். காய்ந்து தொங்கும் இலைகளை முதலில் கோலால் தட்டுங்கள். உள்ளே தேளோ எலியோ இருக்கக்கூடும். அதன்பின் எட்டும் இலைநுனிகளையெல்லாம் ஒரு அங்குலம் கத்தரித்துவிட்டு, கை ரம்பத்தால் தண்டைச் சாய்வாக அறுக்க வேண்டும். சாய்வாயிருந்தால் தண்ணீர் தேங்காது. அரிவாளால் கொத்தினால் தண்டு பிளந்து போகும்.

அறுத்தெடுத்த உச்சியை எறிந்துவிடாதீர்கள். கீழ் இலைகளை உரித்து, நிழலில் ஒரு வாரம் சாய்த்துவைத்தால் வெட்டுவாய் காய்ந்துவிடும். மணல் கலந்த மண்ணில் ஊன்றி, மண் நன்றாய்க் காய்ந்தபின்பே தண்ணீர் விட்டால் வேர் பிடிக்கும். நாய், பூனை வளர்க்கும் வீட்டுக்கு மட்டும் இந்தக் கன்றைக் கொடுக்க வேண்டாம். மென்றால் அவற்றுக்கு வாந்தியெடுக்கும்.

கத்தரித்த நுனிகளைப் பொறுக்கிப் பழைய தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடுங்கள். இலைகளை நுனியெல்லாம் ஒரே பக்கம் வரும்படி அடுக்கி, அந்தப் பக்கத்தைப் பல மடிப்புச் செய்தித்தாளால் சுற்றிக் கட்டி, காலையில் குப்பை எடுக்க வரும் பௌரகார்மிகரிடம் உள்ளே முள் இருக்கிறதென்று சொல்லிக் கொடுங்கள். அவர்களில் பலர் வெறுங்கையால்தான் மூட்டையைத் தூக்குகிறார்கள்.