டைனமோ போச்சு, சார்ஜும் போச்சு

சேற்று உழவுக்கு வயலில் தண்ணீர் கட்டியாகிவிட்டது. டிராக்டரின் ஸ்டார்ட்டரோ ஒருமுறை முனகிவிட்டு அடங்கிவிடுகிறது. போன மாதம்தான் டைனமோவைக் கழற்றி ஆல்டர்நேட்டர் மாட்டியது. சுருட்டப்பள்ளியைத் தாண்டி வரும் நாகலாபுரம் போன்ற எல்லையோர ஊர்களில், பழைய வண்டி வைத்திருப்போருக்குப் புதிதல்லாத தலைவலி இது. வாடகை உழவை நம்பியிருப்பவருக்கு ஒருநாள் வண்டி நின்றால் ஒருநாள் வருமானம் போயிற்று.

1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களைத் தென்னகத்தில் பரப்பியது. மின்சாதனங்களுக்கு 1961இல் நிறுவப்பட்ட லூகாஸ்-டி.வி.எஸ். இருந்தது. அக்காலத்து டைனமோ உழைப்பாளிதான். ஆனால் இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது சார்ஜ் தராது. இரவில் விளக்கு போட்டு உழுதால் பேட்டரி இறங்கிவிடும். ஆல்டர்நேட்டரோ குறைந்த வேகத்திலேயே கரன்ட் கொடுக்கும். மாற்றத்துக்குக் காரணம் அதுதான்.

கோளாறு பெரும்பாலும் ஆல்டர்நேட்டருக்கு வெளியே இருக்கிறது. முதல் சந்தேகம் டாஷ்போர்டிலுள்ள சிவப்பு பல்பு மீது. பல ஆல்டர்நேட்டர்களில், சுருளுக்குத் தொடக்க மின்சாரம் இந்த பல்பு வழியாகவே போகிறது. சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும். இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியாவிட்டால் பல்பு ஃபியூஸ், ஒயர் அறுந்தது, பிரஷ் தேய்ந்தது ஆகியவற்றில் ஒன்று.

அடுத்து மல்டிமீட்டர். முழு சார்ஜில், இன்ஜின் ஓடாதபோது பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 14ஐ ஒட்டி ஏற வேண்டும். ஆல்டர்நேட்டர் முனையில் 14 இருந்து பேட்டரியில் வெகுவாகக் குறைந்தால், குற்றவாளி இடையிலுள்ள மெல்லிய ஒயரோ துருப்பிடித்த இணைப்போதான். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரி திரவம் கொதித்து வற்றும். பழைய கட்-அவுட் பெட்டியை இணைப்பிலேயே விட்டுவைப்பதும் வழக்கமான தவறு. புது ஆல்டர்நேட்டரில் ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பதால் அது தேவையில்லை. அதிக கரன்ட்டைப் பழைய அம்மீட்டர் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

பெரும் செலவு வைப்பது எர்த். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பாசிடிவ் முனை சேசிஸோடு இணைந்திருக்கும். இன்றைய ஆல்டர்நேட்டர்களுக்கு வேண்டியது நெகடிவ் எர்த். மாற்றாமல் பேட்டரியை இணைத்தால் டயோடுகள் நொடியில் கருகிவிடும். சுருள் வகை ஸ்டார்ட்டருக்கு இதனால் பாதிப்பில்லை; முனைகளை மாற்றினாலும் அதே திசையில்தான் சுற்றும். அம்மீட்டர் ஒயர்களை மட்டும் இடம் மாற்ற வேண்டும். சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றுவது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்நேட்டருக்கு அது எமன்.

பெல்ட் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிகள்தான். எனவே ஆல்டர்நேட்டரையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், முதலில் பல்பையும் பெல்ட்டையும் பார்க்கச் சொல்வது நல்லது. சில ரூபாய் பல்புக்காக ஆயிரக்கணக்கில் அழ வேண்டியதில்லை.