மிட்டாய் கொடுத்துப் பல்லைக் கெடுத்தார்கள்!

"கண்ட நேரத்தில் மிட்டாய் தின்னாதே! பல் சொத்தையாகிவிடும்!"

பிள்ளைகளை இப்படிக் கண்டிக்காத தாய் உண்டா? பல் டாக்டர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இந்தப் புத்திமதி உண்மை என்பதை நிரூபித்துக் காட்டிய ஆராய்ச்சி எப்படி நடந்தது தெரியுமா? கேட்டால் மனம் பதறும்!

ஐரோப்பாவின் வடக்கே இருப்பது ஸ்வீடன் நாடு. அங்கே லுண்ட் நகரில் விபெஹோல்ம் என்று ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. மனவளர்ச்சி குன்றியவர்களை அங்கே வைத்துப் பராமரித்தார்கள்.

அந்தக் காலத்தில் ஸ்வீடனில் பல் சொத்தை இல்லாதவரைக் காண்பது அரிது. சொத்தை எதனால் வருகிறது என்று அறிய அரசாங்கம் விரும்பியது. 1945-ம் ஆண்டில் விபெஹோல்மில் ஆராய்ச்சி தொடங்கியது. முதலில் வைட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். 1947-ல் சர்க்கரைப் பரிசோதனை ஆரம்பமாயிற்று.

ஒரு நாளைக்கு 24 டாபி!

நோயாளிகளைப் பல பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை. இன்னொரு பிரிவுக்குச் சாக்லேட். வேறொரு பிரிவுக்கு, பல்லில் நன்றாக ஒட்டிக்கொள்ளும்படி தயாரித்த டாபி. சிலருக்கு நாள் ஒன்றுக்கு 24 டாபி கொடுத்தார்கள்! மிட்டாய்த் தொழில் முதலாளிகள் பணமும் பண்டமும் கொடுத்து உதவினார்கள்.

டாபி தின்றவர்களின் பற்கள் வேகமாகச் சொத்தையாயின. பலருக்குப் பல் அடியோடு கெட்டது. 1949-ல் டாபி கொடுப்பதை நிறுத்தினார்கள். 1954-ல் முடிவுகள் வெளிவந்தன. "சாப்பாட்டோடு உண்ணும் சர்க்கரையால் கெடுதல் குறைவு. இடையிடையே தின்னும் ஒட்டும் மிட்டாயால்தான் பெரும் கெடுதல்!" என்று தெரிந்தது. சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் ஸ்வீடனில் பரவியது இதன் பிறகுதான்.

உலகத்துக்கு நன்மை கிடைத்தது. ஆனால், பல்லை இழந்தவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை! கேட்டிருந்தாலும் விஷயத்தைப் புரிந்துகொண்டு "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய நிலையில் அவர்கள் இல்லை.

நல்ல நோக்கம் போதுமா?

அந்த டாக்டர்கள் கொடியவர்கள் அல்ல. நாட்டுக்கு நன்மை செய்கிறோம் என்றே நம்பினார்கள். அதே 1947-ல்தான் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில், நாஜி டாக்டர்களை விசாரித்த நீதிமன்றம், "மனிதனை ஆராய்ச்சிக்கு உட்படுத்த அவனுடைய மனப்பூர்வமான சம்மதம் வேண்டும்" என்று அறிவித்தது. 1964-ல் உலக மருத்துவர் சங்கமும் ஹெல்சிங்கி நகரில் ஆராய்ச்சிக்கான ஒழுங்குமுறைகளை வகுத்தது. விபெஹோல்ம் ஆராய்ச்சியில் பங்கு கொண்ட பல் டாக்டர் போ க்ராஸ்ஸே, அரை நூற்றாண்டு கழித்து, 2001-ல், அதைத் திரும்பிப் பார்த்து ஒரு கட்டுரையே எழுதினார்.

நம் நாட்டில்

இது எங்கோ நடந்த கதைதானே என்று இருந்துவிட முடியாது. நம் நாட்டிலும் பல் மருத்துவத்தில் மேல்படிப்புப் படிப்பவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியாக வேண்டும். அதற்கு நோயாளிகள் தேவை. "டாக்டர் சொன்னால் சரி" என்று தலையாட்டுகிறவர் நம்மில் அதிகம். இலவச சிகிச்சைக்கு வந்த ஏழை, "மாட்டேன்" என்று சொல்லத் துணிவாரா? ஆகவே, டாக்டர்தான் விழிப்போடு இருக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆராய்ச்சி தொடங்குமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டுமல்ல, சட்டம் தெரிந்தவரும் சாதாரணப் பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரானால், நடுநிலையான சாட்சி ஒருவர் முன்னிலையில் விளக்கிக் கைரேகை பெற வேண்டும். 7 வயதுக்கு மேற்பட்ட சிறுவரானால், பெற்றோர் சம்மதித்தால் மட்டும் போதாது. பிள்ளையையும் கேட்க வேண்டும்!

"பிடுங்கிய பல் குப்பைக்குத்தானே போகிறது? அதற்குமா அனுமதி?" என்று சிலர் கேட்கலாம். ஆம்! அதை ஆராய்ச்சிக்கு எடுக்க நோயாளியின் சம்மதம் தேவையா, இல்லையா என்பதை டாக்டர் தாமாகவே முடிவு செய்துவிடக் கூடாது. குழுதான் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது

அடுத்த முறை யாராவது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், நிதானமாகக் கேளுங்கள்: "இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? இதனால் எனக்கு என்ன கெடுதல் வரலாம்? நடுவில் விலகிக்கொண்டால் வைத்தியம் கிடைக்குமா?" எப்போது வேண்டுமானாலும் விலக உங்களுக்கு உரிமை உண்டு. விலகியதற்காக வைத்தியத்தை மறுக்கக் கூடாது.

டாக்டரிடம் வாயைத் திறப்பது பல்லைக் காட்ட மட்டுமல்ல, கேள்வி கேட்கவும்தான்!