வாழ்த்துகளுக்கு நடுவே ஒரு ‘வேண்டாம்’

நண்பர்கள் தினமான ஆகஸ்ட் முதல் ஞாயிறு நெருங்கினால் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் மேடைக்கு வந்துவிடுவார்கள். முகம் பார்க்காமலே வளர்ந்த நட்பு, வடக்கிருந்த சோழனோடு சாகப் பாண்டி நாட்டிலிருந்து ஓடிவந்த நட்பு. கண்ணீருக்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் அந்தக் கதையில் முன்னாலேயே நிற்கும் புல்லாற்றூர் எயிற்றியனாரைத் தாண்டிப் போய்விடுகிறோம். பெற்ற பிள்ளைகள் மீதே படையெடுக்கக் கிளம்பிய சோழனிடம் அவர் பேசியது புறநானூற்றில் 213ஆம் பாட்டு. எதிரே நிற்பவர்கள் பழம்பகைவர்கள் இல்லை; நீ ஜெயித்தால் நாட்டை யாருக்கு விட்டுப் போவாய், தோற்றால் யார் சிரிப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கோபத்தில் இருக்கும் ராஜாவிடம் பேசுகிற பேச்சா இது? அவர் புலவர்தானே, நண்பரா என்று கேட்கலாம். வள்ளுவர் அளவுகோலில் அவர் நண்பர்தான்.

வள்ளுவர் நட்புக்கு ஒதுக்கியது 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள். அவற்றில் நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என மூன்று எச்சரிக்கைகளாகவே போய்விடுகின்றன. நட்பு சிரித்துப் பேச மட்டும் இல்லை, தப்புச் செய்யும்போது முந்திப்போய் இடித்துச் சொல்ல என்கிறார். அழ வைத்தாவது சொல்பவர்களைத் தேடிப் பிடிக்கச் சொல்கிறார். உண்மை பேசுவது நட்புக்கு ஆபத்து என்றுதான் நாம் நினைக்கிறோம். அவரோ அதை நட்பின் வேலையாகவே வைத்துவிட்டார்.

அந்த வேலையைத்தான் வாட்ஸ்அப் குரூப்பில் கைவிட்டுவிட்டோம். ஒருவர் காலையில் எழுதுகிறார்: “வேலையை விட்டாச்சு மச்சி, டீக்கடை பிரான்சைஸ் எடுக்கிறேன்.” பத்து நிமிடத்தில் பதினைந்து வாழ்த்து, நாலு நெருப்பு, இரண்டு கைகூப்பு. அதே நேரத்தில் அந்தப் பதினைந்தில் இருவர் தனியாகப் பேசிக்கொள்கிறார்கள்: “அந்த ரோட்ல ஏற்கெனவே மூணு கடை இருக்குடா. வீட்டு நகையை வேற அடகு வைக்கிறானாம்.” தெரிந்த உண்மை, தெரிய வேண்டியவரைத் தவிர எல்லோரிடமும் போகிறது. கட்டைவிரலைத் தட்ட அரை நொடி போதும். ‘வேண்டாம்’ என்று சொல்ல நேரில் போக வேண்டும், முகம் கறுப்பதைப் பார்க்க வேண்டும், நாலு நாள் பேசாமல் இருந்தால் பொறுக்க வேண்டும். வசதி எங்கே இருக்கிறதோ அங்கேதான் நட்பும் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஏற்கெனவே நொந்திருப்பவரை நண்பரும் இடிக்க வேண்டுமா, ஆறுதல் போதாதா என்பார்கள். நியாயம்தான், துக்க வீட்டில் யாரும் புத்தி சொல்வதில்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு சொல்ல வேண்டியதை, கடை நொடித்த பிறகு ஆறுதலாகச் சொல்லி என்ன பயன்? அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938இல் தொடங்கிய ஆய்வு, மனிதரைச் சந்தோஷமாகவும் ஆரோக்கியமாகவும் வைப்பவை நல்ல உறவுகளே என்கிறது. இதைச் சொல்லி இனிக்க இனிக்கப் பேசுவதற்கு வக்காலத்து வாங்குபவர்கள், அதே ஆய்வின் இன்னொரு செய்தியையும் படிக்க வேண்டும். எண்பது வயதுத் தம்பதிகளில் சிலர் நாள் தவறாமல் சண்டை போட்டார்கள். ஆனாலும் கஷ்டத்தில் இவர் நிற்பார் என்ற நம்பிக்கை இருந்தவரை அந்தச் சண்டை அவர்களுடைய நினைவாற்றலைப் பாதிக்கவில்லை. வாக்குவாதத்தைத் தாங்காத உறவுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

பாரதிதாசன் நாடகம் எழுதியது பிசிராந்தையார் பெயரில்தான்; 1969இல் சாகித்திய அகாதெமி விருதும் அதற்குக் கிடைத்தது. எயிற்றியனாருக்கு ஒரு பாட்டோடு சரி. டீக்கடை ஷட்டர் இறங்கிய செய்தியும் குரூப்புக்கு வராது. அன்று காலையும் சூரியகாந்திப் படத்தோடு நட்பைப் பற்றி ஒரு பொன்மொழி வந்திருக்கும், கீழே வழக்கம்போல ஏழெட்டுக் கட்டைவிரல்.